பழைய விண்வெளித் தொடரை டிவிடி போடப் போகிறவருக்கு

சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஆனந்தும் சிவரஞ்சனியும் நடித்தார்கள். பார்த்தவர்களுக்கு இன்று கதை மறந்திருக்கும், ஜீனோ என்ற இயந்திர நாய் மறந்திருக்காது. கதை நடப்பது 2021-ஐ ஒட்டிய காலத்தில். அந்த 2021-ம் வந்து போய்விட்டது. தமிழில் இப்படிப்பட்ட அறிவியல் தொடர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இந்திக்காரர்களுக்கு 'இந்திரதனுஷ்', 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 1998-ல் கேதன் மேத்தா இயக்கி மிலிந்த் சோமன் நடித்த 'கேப்டன் வ்யோம்' என்று கொஞ்சம் கூடுதல்.

இவற்றில் ஒன்றை, அல்லது இவற்றைப் போன்ற ஒன்றை, வீட்டில் வைத்துப் பார்க்கும்படி டிவிடியாகவோ பென்டிரைவிலோ வெளியிட யாருக்காவது ஆசை இருந்தால், அவருக்காக இது. வாங்க ஆள் இருக்கிறதா என்று முத்துப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்கவே வேண்டாம். 1987-ல் கொடைக்கானல் ஒளிபரப்பு வருவதற்கு முன்பே, தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, பூஸ்டர் மாட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை ரூபவாகினியை இழுத்துப் பார்த்த கடற்கரை இது. சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வீடியோ டெக் கொண்டுவந்த ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல், செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தபோது இணையத்தில் இருக்கும் படம் எதற்கும் உதவாது என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில், கையில் டிவிடி தட்டு இருந்தால் ஓடியது.

முதலில் செய்ய வேண்டியவை

உரிமை யாரிடம் என்பதைக் காகிதத்தில் பாருங்கள். அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் தொடர்களில் முக்கியமாக இரண்டு வகை. தூர்தர்ஷனே காசு கொடுத்து எடுக்கச் சொன்னது ஒன்று. தயாரிப்பாளர் ஸ்பான்சர் பிடித்து, ஒளிபரப்புக் கட்டணம் கட்டி, விளம்பர நேரத்தை விற்று எடுத்தது இன்னொன்று. முதல் வகைக்கு உரிமை பெரும்பாலும் தூர்தர்ஷனிடம், இரண்டாவதற்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரிடம். இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் பணம் போடக்கூடாது. ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பார்த்தாலும் வேலை முடியாது. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: உரிமையை எழுதிக் கொடுத்த பத்திரத்தில் கால அளவு குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ள வேண்டும். நம் ஆட்கள் அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரங்களில் இரண்டுமே இருக்காது. அப்படியானால் கோலாலம்பூரில் விற்க உரிமை உங்களிடம் இல்லை. 2012 திருத்தம் 18-வது பிரிவில் இன்னொன்றைச் சேர்த்தது: பத்திரம் எழுதிய நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, பெயர் குறிப்பிட்டு எழுதினால் ஒழிய அந்தப் பத்திரம் செல்லாது. அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேளுங்கள், டீக்கடையில் கேட்காதீர்கள்.

கதாசிரியர் வீட்டைத் தனியாகப் போய்ப் பாருங்கள். தொடர் தயாரிப்பாளருடையது என்றாலும் கதை அவருடையதல்ல. சுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் காலமானார். எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு என்பது கணக்கு, ஆக அவர் எழுத்தின் உரிமை 2068 முடியும் வரை உண்டு. தொலைக்காட்சிக்கு என்று மட்டும் அவர் அன்று அனுமதி கொடுத்திருந்தால், தட்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். மரியாதைக்கும் இதுதான் வழி, பிற்பாடு வரும் நோட்டீசைத் தவிர்ப்பதற்கும் இதுதான் வழி.

டேப்பைத் தேடுங்கள், கிடைத்ததும் ஓடவிடாதீர்கள். அன்றைய தொடர்கள் முக்கால் அங்குல யூமேட்டிக்கிலோ பீட்டாகேமிலோ இருக்கும். ஓட்டும் எந்திரம் கிடைப்பதே பாடு. சோனி பீட்டாகேம் வகை எந்திரங்களின் விற்பனையை 2016-ல் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் வீட்டு விஎச்எஸ் டெக் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. இன்று இருக்கிற எந்திரங்கள் எல்லாம் பழசைப் பிரித்துப் பழசுக்குப் போட்டு ஓட்டுபவை.

டேப்பைக் கையில் எடுத்ததும் பெட்டியின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ நூலாம்படையோ தெரிந்தால் பூஞ்சை. நம் பக்கத்து உப்புக் காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை அப்படியே எந்திரத்தில் போட்டால் எந்திரத்தின் ஹெட் கெடும், அடுத்துப் போடும் டேப்புக்கும் பூஞ்சை ஒட்டும். சில பழைய டேப்புகளில் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துக் கிடக்கும். ஓடவிட்டால் பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டி, படம் அங்கேயே முடிந்துபோகும். அவற்றை ஏறக்குறைய 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்காக உலர்த்தி, அந்தத் தெம்பில் ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துகொள்வார்கள். இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அம்மாவின் கேக் ஓவனில் வேண்டாம்.

மூல டேப் இல்லை என்றால் ஊர் ஊராகக் கேளுங்கள். லண்டன் பிபிசி தன் 'டாக்டர் ஹூ' தொடரின் 1960-களின் டேப்புகளை அழித்து, மேலேயே வேறு நிகழ்ச்சி பதிந்தது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளில்தான் பல எபிசோடுகள் பிழைத்தன. 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றில் கிடைத்த 11 எபிசோடுகளில் 9, உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. படம் தொலைந்த எபிசோடுகளுக்கும் ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர்கள் டிவி முன்னால் டேப் ரிக்கார்டர் வைத்துப் பதிந்த ஒலி அது. அந்த ஒலிக்கு அனிமேஷன் படம் வரைந்து 2006-லேயே 'தி இன்வேஷன்' கதையை டிவிடியில் முழுமையாக்கினார்கள்.

நம் ஜோஸ் நகரம் எது? ஷார்ஜாவில் ஒரு கட்டில் அடியாகவும் இருக்கலாம், அதிராம்பட்டினத்தில் ஒரு பரணாகவும் இருக்கலாம். ஊரில் வந்ததைப் பதிந்து, பயணம் போகிறவர் கையில் கேசட்டாகக் கொடுத்தனுப்பிய வீடுகள் இங்கே உண்டு. கல்யாண வீடியோ எடுத்தவர்களிடமும் கேளுங்கள், டெக் இரண்டு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

எபிசோடு வரிசையை எழுத்துப்பிரதியோடு ஒப்பிடுங்கள். ஒளிபரப்பான வரிசை சரியான வரிசை என்று நம்பாதீர்கள். 2002-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ஃபயர்ஃபிளை' என்ற விண்வெளித் தொடரைக் கலைத்துப் போட்டது. முதல் கதையைக் கடைசியில் காட்டி, மூன்று எபிசோடுகளைக் காட்டாமலே நிறுத்தியது. அடுத்த ஆண்டு 14 எபிசோடுகளும் எடுத்தவர் நினைத்த வரிசையில் டிவிடியாக வந்தன. அந்த விற்பனையைப் பார்த்துத்தான் 2005-ல் 'செரினிட்டி' என்று சினிமாவே எடுத்தார்கள். இங்கே நடந்ததும் தெரிந்ததுதான். கிரிக்கெட் நீண்டால் தொடர் போகும், தலைவர் மறைந்தால் ஒரு வாரம் ஷெனாய்.

செய்யவே கூடாதவை

உண்மையைச் சொன்னால், பழைய தொடர்களைக் கெடுத்தது அலட்சியத்தைவிட ஆசைதான் அதிகம். பாசத்தோடு கை வைத்தவர்களே அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

'ஹெச்டி' என்று அட்டையில் போடாதீர்கள். 1987 முதல் 1994 வரை வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178 எபிசோடுகளையும் ப்ளூரேயில் பளபளவென்று கொண்டுவந்தார்களே என்பீர்கள். அவர்கள் எடுத்தது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில். வெட்டி ஒட்டியதும் தந்திரக் காட்சிகள் சேர்த்ததும்தான் வீடியோ டேப்பில். 2012-லிருந்து மூல நெகட்டிவ்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு எபிசோடையும் முதலிலிருந்து மறுபடி எடிட் செய்து, கப்பல் காட்சிகளைப் புதிதாக இணைத்தார்கள். செலவு அவ்வளவு, விற்பனை அவ்வளவு இல்லை. அதற்குப் பின் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' இரண்டுக்கும் அந்த வேலையைச் செய்யவில்லை.

நம் தொடர் நேராக டேப்பில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576, அவ்வளவுதான் சரக்கு. அதற்கு மேல் ஒளிந்திருக்கும் விவரம் எதுவும் இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு 4கே ஆக்கித் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். நாயகி முகம் மெழுகு பொம்மையாகும், விண்கலத்துப் பலகையில் இருந்த எழுத்து எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாகும். தேக்குத் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிற வேலை.

50-ஐ 25 ஆக்காதீர்கள். நம் டிவி முறையில் நொடிக்கு 50 அரைப்படம் வரும். கேசட் மாற்றித் தரும் கடைகளில் பலர் அதை 25 முழுப்படமாகச் சேர்த்து, ஆள் கை வீசினால் சீப்புப் பல் மாதிரி கோடு விழவிடுவார்கள், இல்லாவிட்டால் பாதியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அசைவின் வழவழப்பு போய்விடும். டிவிடி அந்த 50 அரைப்படத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், கொடுத்தால் போதும். 'டாக்டர் ஹூ' ஃபிலிம் பிரதிகளில் தொலைந்திருந்த அந்த அசைவைத் திரும்பக் கொண்டுவர விட்ஃபயர் என்று தனியாக ஒரு முறையே கண்டுபிடித்தார்கள். உங்களிடம் இருப்பதை நீங்களே தொலைக்காதீர்கள்.

தந்திரக் காட்சியைப் புதுசாகப் போடாதீர்கள். நாயகனைச் சுற்றி நீலக் கோடு தெரியும். கதவு தானாகத் திறக்கும்போது பின்னால் இழுக்கிறவர் நிழல் தெரியும். தெர்மகோல் பாறை ஆடும். ஆடட்டும். இங்கிலாந்தில் 'ரெட் ட்வார்ஃப்' தொடரின் முதல் மூன்று பாகங்களுக்கு 1998-ல் கணினி விண்கலம் செய்து போட்டார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை, டிவிடி வந்தபோது பழைய பொம்மைக் கப்பலே திரும்பி வந்தது. பழைய ஸ்டார் ட்ரெக்குக்கும் 2006-ல் புதுக் காட்சிகள் செய்தார்கள். ஆனால் 2009 ப்ளூரேயில் பழசா புதுசா என்று பார்க்கிறவரே தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். அப்படி இரண்டும் தர வசதி உண்டென்றால் செய்யுங்கள். இல்லையென்றால் பழசு மட்டும்.

என் கட்சி இதில் வெளிப்படை. 2021 எப்படி இருக்கும் என்று சென்னையில் ஒரு கலை இயக்குநர் அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து யோசித்தாரே, அந்த யோசனைதான் இன்றைக்குப் பார்க்க வேண்டியது. உண்மையான 2021 எப்படி இருந்தது என்று நமக்கே தெரியும்.

அகலத் திரைக்கு இழுக்காதீர்கள். 'பாபிலோன் 5' தொடரைப் பிற்பாடு அகலமாகக் காட்டலாம் என்று நடிகர் காட்சிகளை அதற்கேற்றபடி எடுத்தார்கள். கணினிக் காட்சிகளை மட்டும் பழைய டிவி அளவில் செய்தார்கள். டிவிடி அகலமாக வந்தபோது விண்கலம் வரும் இடமெல்லாம் மேலும் கீழும் வெட்டி ஊதிப் பெரிதாக்கிய மங்கல். 2021-ல் புதிய பதிப்பு வந்தபோது பேசாமல் பழைய டிவி அளவான 4:3-க்கே திரும்பிவிட்டார்கள். நம் தொடரிலோ வெட்டினால் போவது தலை. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

பின்னணி இசையை விசாரிக்காமல் அச்சுக்குப் போகாதீர்கள். விண்வெளி என்றாலே வெளிநாட்டு சிந்தசைஸர் இசைத்தட்டு ஒன்றிலிருந்து நாலு வரி எடுத்துப் போடும் பழக்கம் அன்று உண்டு. ஒளிபரப்பில் யாரும் கேட்கவில்லை, தட்டில் கேட்பார்கள். 'குவாண்டம் லீப்' தொடரின் இரண்டாம் பாகம் டிவிடியாக வந்தபோது பாட்டு உரிமை கட்டுப்படியாகவில்லை என்று வேறு இசையைச் செருகினார்கள். கதையே அந்தப் பாட்டின் மேல் நின்ற காட்சியில் ஏதோ ஒன்று ஒலித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், அட்டையின் பின்னால் படிக்கும் அளவு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மோனோ ஒலியை 5.1 ஆக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

முடிவை அட்டையில் போடாதீர்கள். 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் கடைசி நொடியில் வர வேண்டிய சுதந்திர தேவி சிலையை அதன் வீடியோ அட்டையிலேயே அச்சடித்த புத்திசாலிகள் உலகத்தில் இருக்கிறார்கள்.

தட்டா, பென்டிரைவா, எவ்வளவுக்கு

தூர்தர்ஷன் தொடர்களுக்கு 13 எபிசோடு ஒரு கட்டு. ஒன்றுக்கு 23 நிமிடம் வைத்தால் மொத்தம் 5 மணி நேரம். 4.7 ஜிபி டிவிடியில் கௌரவமாக 2 மணி நேரம் வரும், ஆக மூன்று தட்டு. ஐந்து மணி நேரத்தையும் ஒரே தட்டில் திணிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். படத்தைச் சுருக்கும்போது முதலில் உடைவது புகையும் மினுக்கும் விளக்குகளும். அறிவியல் தொடரில் வேறென்ன இருக்கிறது? விசிடி வேண்டவே வேண்டாம். அதன் தரம் விஎச்எஸ் அளவுதான், ஒரு தட்டில் மூன்று எபிசோடுதான் போகும்.

பென்டிரைவ் பதிப்பும் போடுங்கள். லேப்டாப்பில் இன்று தட்டு போடும் இடமே இல்லை, டிவியில் யுஎஸ்பி இருக்கிறது. ஆனால் சப்டைட்டிலில் ஒரு சூது உண்டு. டிவிடியில் சப்டைட்டில் என்பது படமாகப் பதிந்தது, அதனால் தமிழ் எழுத்து எந்தப் ப்ளேயரிலும் சிதறாது. பென்டிரைவில் தனிக் கோப்பாகத் தமிழ் கொடுத்தால் விலை குறைந்த டிவிகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும், இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாக வரும். இரண்டு மூன்று டிவியில் போட்டுப் பார்த்த பிறகு பெட்டி கட்டுங்கள். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். டொரண்டோவில் பிறந்த பேரனுக்கு 'ஜீனோ' புரியும், சுஜாதாவின் கிண்டல் புரியாது.

அந்தப் பேரனுக்காக இன்னொன்று. அமெரிக்கா, கனடாவில் விற்கும் ப்ளேயர்கள் பலவற்றில் நம் 50 அரைப்பட முறை ஓடாது. அதற்காக மூலத்தையே அவர்கள் முறைக்கு மாற்றி எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். படம் விக்கி விக்கிப் போகும். அங்கே அனுப்புவது பென்டிரைவாக இருக்கட்டும். டிவிடியில் மண்டலப் பூட்டு போட வேண்டாம்.

விலைக்கு ஒரு பழைய பாடம் போதும். 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2004-லேயே திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் அசல் தட்டு பரப்பி விற்றதைப் பார்த்தது இந்த விலைக்குப் பிறகுதான். அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. அது வேறு கதை, அதன் காரணங்கள் தட்டு விலையோடு நிற்பவை அல்ல. உங்கள் பெட்டியை அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடியாது. ஆனால் முத்துப்பேட்டைக் கடையில் ஒருவர் யோசிக்காமல் எடுக்கும் விலை ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டாதீர்கள். தோல் பெட்டி, எண் போட்ட சிறப்புப் பதிப்பு எல்லாம் சென்னைக்காரருக்கு.

வெளியிடும் நாள்: சம்பா அறுவடை முடிந்து கையில் காசு வரும் தை, மாசி. இல்லாவிட்டால் சபுராளிகள் விடுமுறையில் ஊருக்கு வரும் காலம். புரட்டாசிக்கு மேல் நடவுக்கும் மழைக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தால் அட்டைதான் நமுத்துப்போகும்.

அட்டையில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், அவரிடம் அனுமதி பெற்ற உறுதிமொழியும் இருக்க வேண்டும். காப்புரிமைச் சட்டம் 52ஏ பிரிவு கேட்பது அது. தணிக்கைச் சான்று தேவைப்படும் படம் என்றால் அதன் நகலும் தட்டிலேயே வர வேண்டும்.

கூடுதல் இணைப்புக்கு நடிகர் பேட்டி மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள். அவர்கள் எங்கும் பேசிக் கேட்டிருக்கிறோம். ஜீனோ நாயை உள்ளேயிருந்து ஆட்டியது கம்பியா, ரிமோட்டா, ஆளா என்று சொல்லத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். கேமரா உதவியாளர், மேக்கப்காரர், எழுத்தோட்டத்தில் கடைசி வரியில் வேகமாக ஓடிப்போகும் அந்தப் பெயர்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது, இதைத் தள்ளிப் போடாதீர்கள். முன்கதைச் சுருக்கத்தையும் ஸ்பான்சர் அட்டையையும் வெட்ட வேண்டாம். வேண்டாதவர் தாண்டிப் போக ஒரு அத்தியாயப் புள்ளி வைத்தால் போதும்.

எல்லாம் பதிந்து முடித்தபின் மூல டேப்பை எடைக்குப் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் முறைகள் இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. எந்திரத்தின் ஹெட்டில் எழும் கச்சா அலையையே கணினியில் பதிந்து, படமாக்கும் வேலையை மென்பொருளுக்கு விடும் முறை இப்போது விஎச்எஸ் கேசட்டுகளுக்கே வந்துவிட்டது, பழைய எந்திரம் தருவதைவிடச் சுத்தமாக வருகிறது. பத்தாண்டு கழித்து இன்னொருவர் உங்கள் டேப்பைக் கேட்டு வருவார். செங்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத அறையில், ஒரு செட் திருச்சியிலோ சென்னையிலோ வையுங்கள். கடலோரம் வேண்டாம். பத்தாயம் காலியாகத்தானே கிடக்கிறது என்று நினைக்கவே வேண்டாம்.